தோளில் பதிந்த கோடுகள்: சியோல் குளியல் கூடத்தில் ஓர் ஆடை வடிவமைப்பாளரைச் சந்தித்தேன்

ஹான்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் சியோலில் நான்கு ஆண்டுகளாக ஆய்வுப் பணியில் இருக்கிறேன். சென்ற மாதம் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி, அது குறித்து உங்கள் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆய்வகத்தில் இரவு முழுவதும் கண்விழித்த களைப்போடு, ஆடைச் சந்தைகள் நிறைந்த தொங்தேமுன் பகுதியில் உள்ள பழைய ஜிம்ஜில்பாங் (பொதுக் குளியல் கூடம்) ஒன்றுக்குப் போயிருந்தேன். போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, உடலில் ஒரு நூல்கூட இல்லாமல் குளிக்கும் பொதுக் குளியலறை ஒரு தளத்தில் இருக்கும். நுழைவில் கொடுக்கும் சட்டையையும் அரைக்கால் சட்டையையும் போட்டுக்கொண்டு எல்லாரும் கலந்து உட்காரவும் படுக்கவும் சூடான தரையுள்ள கூடம் இன்னொரு தளத்தில் இருக்கும். கூடத்தைச் சுற்றி உப்பு அறை, மண் பூசிய அறை, பனி அறை என்று வெப்பமும் குளிருமாக அறைகள் இருக்கும். இரவு முழுவதும் திறந்திருக்கும் என்பதால் கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கும் அதுதான் புகலிடம்.

வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் ஊறிவிட்டு, தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கை கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து முக்காலியில் இருந்த, அறுபதைக் கடந்த ஓர் அம்மையார், "முதுகுக்குக் கை எட்டாது, திரும்பி உட்கார், நான் தேய்த்துவிடுகிறேன், பிறகு நீ எனக்குத் தேய்" என்றார். முன்பின் தெரியாதவர்கள் இப்படி முதுகு மாற்றித் தேய்த்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். இளையவர்களிடம் குறைந்து வருகிறது என்றாலும் விடியற்காலை வருகிற மூத்த பெண்களிடம் இன்னும் இருக்கிறது. சொரசொரப்பான பச்சைத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவர் இழுத்த இழுப்பில், அழிரப்பர்த் தூளைப் போல அழுக்கு உருண்டு விழுந்தது. நாள்தோறும் குளிக்கிறவள் என்ற என் பெருமையும் அதோடு வடிகாலில் போயிற்று.

பாதியில் அவர் கை நின்றது. என் இடது தோளில் விரலை வைத்து, "இந்தப் பள்ளம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது?" என்று கேட்டார். உள்ளாடையின் தோள்பட்டி அழுத்திய தடத்தைச் சொல்கிறார் என்று புரியவே சற்று நேரமாயிற்று. "பாரத்தைத் தோள் சுமக்கக் கூடாது. மார்பைச் சுற்றி வருகிற கீழ்ப்பட்டிதான் சுமக்க வேண்டும். உன்னுடைய கீழ்ப்பட்டி தளர்வாக இருக்கிறது, அதனால் நீ மேலே இறுக்கிக்கொண்டே போகிறாய்" என்று சொல்லிவிட்டு, என் மறுமொழிக்குக் காத்திராமல் மீண்டும் தேய்க்கத் தொடங்கினார்.

பிறகு மேல்கூடத்தில் பழுப்பு நிற வேகவைத்த முட்டையும் சிக்கே என்ற இனிப்பு அரிசிப் பானமும் வாங்கிக்கொண்டு எதிரெதிராக உட்கார்ந்தோம். விற்பனை மேசையில் இருந்த பெண் அவரை "சொன்செங்னிம்" (ஆசிரியரே) என்று மரியாதையோடு அழைத்ததைக் கேட்ட பிறகுதான், என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தேன். ஆடை வடிவமைப்பாளர். 15 வயதில் தையற்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, தைக்கக் கற்று, துணி வெட்டக் கற்று, இப்போது மொத்த விற்பனைக் கட்டடம் ஒன்றில் தம் சொந்த வடிவங்களை விற்கிறார். வெள்ளி இரவு தொடங்கும் கடை சனி விடியலில் மூடியதும் நேராகக் குளியலுக்கு வந்துவிடுவாராம்.

நாங்கள் இருவரும் ஒரே செம்பழுப்புச் சட்டையில்தான் இருந்தோம். அவர் தம் அரைக்கால் சட்டையின் பின்னிடுப்பைப் பிடித்துக் காட்டி, "சம்மணமிட்டு உட்கார்ந்ததும் இது எங்கே இறங்கிவிட்டது பார். தரையில் உட்காருகிற மக்களுக்கு நாற்காலியில் உட்காருகிறவர்களின் பேட்டர்னை வெட்டியிருக்கிறார்கள்" என்றார். எனக்கு அதுவரை அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. நான்கு ஆண்டுகளாகச் சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைச் சிந்திக்க வைத்தது அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். ஆடையைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் வருகிற பெண்களின் உடலில், முதல் பத்து நிமிடங்களுக்கு அந்த ஆடையின் தடங்கள் இருக்கும்: இடுப்பில் எலாஸ்டிக்கின் பல்வரிசை, அக்குளின் கீழே தையலின் கோடு, கெண்டைக்காலில் காலுறையின் வளையம். வெந்நீரில் இறங்கினால் அவை மறைந்துவிடும். அந்தப் பத்து நிமிடங்களைப் பார்த்துத்தான் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு வியப்பும் நன்றியும் ஏற்பட்டன. வீடு திரும்பும் வழியில் கொஞ்சம் நெருடலாகவும் இருந்தது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

---

பிசிர்நூல்

திருப்பூரில் பதினெட்டு ஆண்டுகளாக உள்ளாடை ஏற்றுமதியில் மெர்ச்சன்டைசராக இருப்பவன் என்ற முறையில், அந்த அம்மையாரின் காலில் விழலாம் என்று தோன்றுகிறது. நாங்கள் ஃபிட் சாம்பிளை, அதாவது அளவு சரிபார்க்கத் தைக்கும் மாதிரியை, பொம்மைக்கு மாட்டிப் பார்க்கிறோம். பொம்மையில் எலாஸ்டிக் தடம் பதியாது. உயிருள்ள மாடலுக்குப் போட்டுப் பார்த்தாலும், அவர் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்ததும் கழற்றிவிடுவார். எட்டு மணி நேரம் உடுத்தி, பேருந்தில் நசுங்கி, உட்கார்ந்து எழுந்த பிறகு அந்த எலாஸ்டிக் என்ன செய்திருக்கிறது என்பது எங்களுக்கு வாடிக்கையாளரின் புகார் வந்தால்தான் தெரியும். அந்தப் புகாரிலும் "இறுக்கமாக இருக்கிறது" என்ற ஒரு வரிதான் இருக்கும், எந்த இடத்தில் என்று இருக்காது.

தோள்பட்டியைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. கடைகளில் பட்டி அழுத்துகிறது என்று சொல்பவர்களுக்கு ஓர் அளவு பெரியதை எடுத்துக் கொடுக்கிறார்கள். கீழ்ப்பட்டி இன்னும் தளர்ந்து, பாரம் மேலும் தோளுக்குத்தான் போகும். ஒரு கேள்வி: கொரியாவில் பெண்களின் ஆடை அளவுகளை 44, 55, 66 என்று குறிப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது குறித்து ஏதேனும் சொன்னாரா?

---

ஐயவினா

எல்லாரும் நெகிழ்ந்து எழுதுவதற்கு முன், தொடங்கியவரே குறிப்பிட்ட அந்த நெருடலைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். பொதுக் குளியலறை இயங்குவதே, அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தும் பாராதவராக இருப்பார் என்ற எழுதப்படாத உடன்பாட்டின்மேல்தான். கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்ற விதியும் அதற்காகத்தான். அங்கே ஒருவர் தொழிற்கண்ணோடு உட்கார்ந்து, வருகிறவர்களின் உடலைப் பாடமாகப் படிக்கிறார் என்றால், அவர் பெண்ணாக இருப்பதாலோ முதியவராக இருப்பதாலோ வறுமையிலிருந்து மேலே வந்தவராக இருப்பதாலோ அது சரியாகிவிடுமா? இதையே ஓர் இளைய வடிவமைப்பாளர் குறிப்பேட்டோடு செய்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

---

புசான்வாசி

ஐயவினா கேட்டதற்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் அந்தப் பச்சைத் துணியுறையைப் பற்றி ஒரு சிறு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு துணியின் கதைதான். அதற்கு இங்கே "இத்தேரி தாவோல்", அதாவது இத்தாலித் துண்டு என்று பெயர். பெயரை நம்பி அதை இத்தாலியில் போய்த் தேடினால் கிடைக்காது. 1960-களில் எங்கள் புசான் நகரில் உருவான சரக்கு அது. இத்தாலியிலிருந்து வந்த விஸ்கோஸ் ரேயான் துணியோடு தொடர்புடையதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உடுத்த உதவாத அளவுக்குச் சொரசொரப்பான ஒரு துணிக்குத் தோலைத் தேய்க்கும் வேலையைக் கண்டுபிடித்தவரின் மூளையை என்னவென்று சொல்வது!

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பக்கக் குளியலறைகளில் முதுகு தேய்க்க எந்திரம் உண்டு. சுவரோரம் சுழலும் வட்டத் தலை ஒன்று இருக்கும், அதில் இதே துணியைச் சுற்றியிருப்பார்கள். பொத்தானை அழுத்திவிட்டு முதுகைக் கொடுத்தால் போதும். சியோல்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்திரத்திடம் முதுகைக் கொடுத்துப் பழகிய எனக்கு, இந்த இழையைப் படித்தபோது அது எதையோ கெடுத்துவிட்டதோ என்று தோன்றியது. எந்திரம் உங்கள் தோளைப் பார்த்து எதுவும் சொல்லாது.

---

ஹான்கரையாள்

முதலில் பிசிர்நூல் அவர்களுக்கு. ஆம், அதைப் பற்றி நிறையவே பேசினார். 55 என்பது 155 செ.மீ. உயரத்தையும் 85 செ.மீ. மார்பளவையும் குறித்து, இரண்டின் கடைசி இலக்கங்களையும் சேர்த்து வைத்த பெயர். 1980-களின் தொடக்கத்தில் இளம்பெண்களின் சராசரியாகக் கொண்ட அளவு அது. அதிலிருந்து உயரத்தில் ஐந்தும் மார்பில் மூன்றும் குறைத்தால் 44, கூட்டினால் 66. அதிகாரப்பூர்வத் தரத்திலிருந்து அந்த எண்கள் எப்போதோ போய்விட்டன, கொரியப் பெண்களின் சராசரி உயரமும் கூடிவிட்டது. ஆனாலும் கடைகளிலும் வீடுகளிலும் இன்றுவரை "நான் 55" என்றே பேசுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சராசரிப் பெண்ணை, அவள் இல்லாமல் போன பிறகும், எல்லாரும் உடுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. இணையக் கடைகளில் "ஃப்ரீ சைஸ்" என்று ஒரே அளவில் விற்பவற்றில் பலவும் அந்த 55-ஐச் சுற்றி வெட்டியவைதாம், யாருக்கும் சுதந்திரம் தருவதற்காக வெட்டியவை அல்ல என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னதில் என் நினைவில் நிற்கும் காட்சி இது. வாடிக்கையாகக் குளிக்க வரும் ஒரு பெண் எப்போதும் 55 என்றே கேட்டு வாங்குகிறவராம். அவருடைய இடுப்பில் ஒவ்வொரு வாரமும் பொத்தானின் வட்டம்கூடத் தெளிவாகப் பதிந்திருக்கும். அந்தப் பெண்ணிடம் வடிவமைப்பாளர் எதுவும் சொல்லவில்லை. தம் கடையில் அந்த வடிவத்தின் இடுப்பை ஒரு விரற்கடை தளர்த்தி வெட்டச் சொல்லிவிட்டு, எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டாராம்.

ஐயவினா அவர்களுக்கு: இதே கேள்வியை, இவ்வளவு கூர்மையாக அல்ல என்றாலும், நானும் அவரிடம் கேட்டேன். சற்று நேரம் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பார்ப்பது ஆடையை. அது கழன்ற பிறகும் அங்கேதான் இருக்கிறது" என்றார். இந்தப் பதில் எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

---

பெயர் நீக்கப்பட்ட உறுப்பினர்

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது.]

நெறியாளர்

அந்த வடிவமைப்பாளர் யார் என்று ஊகித்துப் பெயர்களை எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். குளியலறையில் சந்தித்தவரை அடையாளம் காட்டுவது, ஐயவினா எழுப்பிய கேள்வியை இன்னும் மோசமான வடிவில் நாமே செய்து காட்டுவதாகிவிடும்.

---

பழைய காஜா

நான் தையற்காரர் வீட்டுப் பிள்ளை. பல ஆண்டுகள் சியோலில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். "15 வயதில் எடுபிடி" என்ற ஒரு சொற்றொடரைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அவர்களை அந்தக் காலத்தில் "ஷிதா" என்பார்கள். நூல் பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது, துணிக்கட்டைச் சுமப்பது, அதட்டு வாங்குவது எல்லாம் அந்தச் சிறுமிகளின் வேலை. தொங்தேமுனில் சொங்கேச்சொன் ஓடையோரம் உள்ள ப்யொங்ஹ்வா சந்தையின் மாடிகளில், ஓர் அறையின் உயரத்தை இரண்டாகத் தடுத்துப் பரண் அமைத்து, நிமிர்ந்து நிற்க முடியாத அந்தப் பரண்களில் அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே துணி வெட்டுபவராக இருந்த சொன் தே-இல் என்ற 22 வயது இளைஞர், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சந்தையின் முன்னே தீக்குளித்து இறந்தார். அந்தச் சிறுமிகளின் நிலை கண்டுதான் அவர் போராட வந்தார். அந்த ஓடையோரத்தில் இப்போது அவருக்கு நினைவகம் இருக்கிறது, போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் சந்தித்த அம்மையார் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வேலைக்கு வந்தவராக இருக்க வேண்டும். குனிந்தே வேலை செய்த அந்தத் தலைமுறைக்கு வாரம் ஒரு முறை பொதுக் குளியலறைக்குப் போவது ஆடம்பரமாக இருந்திருக்காது. வீடுகளில் வெந்நீர்க் குளியலறை பரவலாவதற்கு முன் உடம்பைக் கழுவ வேறு வழி கிடையாது. உடன் வேலை செய்யும் பெண்ணின் முதுகைத் தேய்க்கும்போது, தையல் எந்திரத்தின் முன் குனிந்த தோள் எப்படிச் சாய்ந்துவிட்டது என்பதைப் பார்த்தே அவர் வளர்ந்திருப்பார். அவருடைய அந்தக் கண்ணை வடிவமைப்புப் பள்ளி கொடுக்கவில்லை என்பதால், அதை வேவு பார்க்கும் கண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

ஐயவினா

பழைய காஜா அவர்களுடைய பதிவு என்னை அசைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உடன் வேலை செய்கிறவளின் தோளை அறிவது பரிவு. அங்கே இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். இன்று அவர் கடை உரிமையாளர், பார்க்கப்படுகிறவர்கள் அவருடைய எதிர்கால வாடிக்கையாளர்கள். பார்த்துக் கற்றது ஆதாயமாகவும் மாறுகிறது. அதே குளியலறையில் கூலிக்கு உடல் தேய்த்துவிடும் பெண்களை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஆடையில்லாமல் இருக்கும் இடத்தில் அவர்கள் மட்டும் கறுப்பு உள்ளாடை இணை அணிந்திருப்பார்கள். அதுதான் அவர்களுக்குச் சீருடை. அவர்கள் நாள் முழுவதும் உடல்களைப் பார்க்கிறார்கள், ஆனால் "நான் இங்கே வேலையில் இருக்கிறேன்" என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நம் வடிவமைப்பாளர் வேலை செய்துகொண்டிருந்தார், ஆனால் அதைக் காட்டும் ஆடை அவர் மேல் இல்லை. என் மறுப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

---

பிசிர்நூல்

ஐயவினா அவர்களின் வாதம் அழகாக இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் ஒரு மருத்துவர் பேருந்தில் எதிரே இருப்பவரின் கழுத்து வீக்கத்தைக் கவனிக்கவும் கூடாது, ஒரு தச்சர் விருந்துக்குப் போன வீட்டில் கதவு நிலையைப் பார்க்கவும் கூடாது. தொழிற்கண்ணைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக முடியுமா? கவனித்ததை என்ன செய்தார் என்பதுதான் எனக்குக் கேள்வி. இடுப்பைத் தளர்த்திவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டவரிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. (அளவுப் பட்டியலில் இல்லாத தளர்வு என்று எங்கள் தரப் பரிசோதகர்தான் குதித்திருப்பார்.)

பின்னிடுப்பு இறங்குவதைப் பற்றிச் சொல்ல மறந்தேன். உட்காரும்போது முன்பக்கம் மடிந்து துணி மிஞ்சும், பின்பக்கம் நீண்டு துணி போதாமல் போகும். ஆகவே பின்பக்கத்து உயரத்தைக் கூட்டி வெட்ட வேண்டும், தொடையிடுக்கில் ஒட்டுத்துண்டு கொடுத்தால் இன்னும் நல்லது. கொரியர்களின் பழைய ஹன்பொக் உடையில் ஆண்களின் கால்சட்டையைப் பாருங்கள். தொடையிடுக்கில் குறுக்காக வெட்டிய அகலமான துண்டுகளை இணைத்து, இடுப்பில் மிஞ்சிய துணியை மடித்துக் கயிற்றால் கட்டுவார்கள். சூடான தரையில் சம்மணமிட்டு வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்த வெட்டு அது. அந்த அம்மையாரின் முன்னோர் தீர்த்துவைத்த சிக்கலை, அதே சூடான தரையில் உட்கார உடுத்தும் மலிவுச் சீருடை மறந்துவிட்டது. மெர்ச்சன்டைசராக அதற்குக் காரணமும் தெரியும்: ஒட்டுத்துண்டுக்குக் கூடுதலாக ஒரு தையல், கூடுதல் துணி, ஒவ்வொரு உருப்படிக்கும் கூடுதல் காசு.

---

புதியவள்

அடுத்த மாதம் சியோலுக்கு முதன்முறையாகப் போகிறேன். வடிவமைப்பாளரைச் சந்திக்கும் நோக்கம் எனக்கு இல்லை. முதுகு தேய்க்க ஆள் கிடைத்தால் போதும். ஆனால் கூச்சத்தை என்ன செய்வது என்று அக்கா சொல்ல வேண்டும். அவர் சொன்னபடி புதிய உள்ளாடை வாங்கினீர்களா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறது.

---

ஹான்கரையாள்

புதியவளுக்கு: முதல் நாள் நானும் அவர்கள் கொடுத்த கைக்குட்டை அளவிலான துண்டால் எதை மறைப்பது என்று தெரியாமல் திண்டாடி நின்றவள்தான். யாரும் பார்ப்பதில்லை என்று இத்தனை நாளும் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். இந்த இழைக்குப் பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை. பார்க்கிறார்கள், ஆனால் நாம் அஞ்சுகிற எதையும் பார்ப்பதில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். தொட்டியில் இறங்குவதற்கு முன் உடலை நன்றாகக் கழுவிக்கொள், கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள், துண்டை நீருக்குள் நனைக்காதே. உறையை வெளியே கடையில் ஆயிரம் வொன் அளவில் வாங்கிக்கொண்டு போ. விடியற்காலையில் போனால் யாராவது ஓர் அம்மையார் உன்னைத் திரும்பி உட்காரச் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்காதே, ஆனால் அவருக்கும் தேய்த்துவிட மறந்துவிடாதே, நடுவில் கை ஓய்ந்தால் அவர்களுக்குப் பிடிக்காது.

ஐயவினா அவர்களே, நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புச் சீருடை என் மனத்தில் தங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை விடியலில் மறுபடி போனேன். அவர் வந்திருந்தார். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் அவர் பார்க்கிறாரா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி உறங்கிக்கொண்டிருந்தார், அவருடைய இரண்டு தோள்களிலும் என் தோளில் இருந்ததைவிட ஆழமான பள்ளம்.

உள்ளாடையைப் பொறுத்தவரை, இங்கே செ.மீ. அளவில்தான் விற்கிறார்கள்; எண் கீழ்ப்பட்டியின் சுற்றளவு, எழுத்து மார்புக் கிண்ணத்தின் அளவு. 80ஏ அணிந்திருந்தவள் 75பி-க்கு மாறியிருக்கிறேன். தோளில் வலி இல்லை. விலாவில் ஒரு புதிய கோடு விழுகிறது. அதை அவரிடம் கேட்க வேண்டும்.